அண்ணரின் டெக்கும் வன்னி மாரியும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்பகுதியில், ஒரு சிறு குளத்தின் அலைகரையைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் வீட்டின் பின்புறத்தில், 2013ஆம் ஆண்டு ஒரு மரத்தளம் அமைக்கப்பட்டது. கனடாவில் நெடுங்காலமாக வாழும் என் அண்ணர், அங்குள்ள வீடுகளின் பின்புறத்தில் இருப்பதைப் போன்றதொரு தளம் இங்கும் வேண்டும் என்று விரும்பி, விடுமுறையில் வந்து நின்ற காலத்தில் தச்சரோடு கூட நின்று அதைக் கட்டுவித்தார். வீட்டில் எல்லோரும் அதை டெக் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மாலைத் தேநீருக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், அரிவு வெட்டுக் காலத்தில் நெல்மூட்டைகளை ஓரிரவு வைத்து எடுப்பதற்கும் அது பயன்பட்டது. பல மாரிகளைக் கண்ட பின்னர் அதன் ஒரு மூலை தாழ்ந்தது. நடக்கும்போது சில இடங்களில் பலகை மிதந்தது. சுவரோரப் பலகைகளின் முனைகளை விரலால் கிள்ளினால் தும்பு தும்பாகக் கழன்று வந்தது.

இதைத் திருத்துவதா, முழுவதையும் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்வதா என்ற கேள்விக்கு ஆளுக்கொரு விடை இருந்தது. மேசன் வேலை செய்யும் மச்சான், மரத்தை மறந்துவிட்டுச் சீமெந்து போடச் சொன்னார். அண்ணர் தொலைபேசியில், மேற்பலகைகளை மாற்றிப் பெயின்ற் அடித்தால் போதும் என்றார். ஊரில் கூரை வேலைகளுக்குப் பெயர்பெற்ற வயதான தச்சர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவர் மேலே ஏறவே இல்லை. “தம்பி, மேல நிண்டு பார்த்துச் சொல்லேலாது. கீழ பூந்து பார்க்கோணும்” என்று சொல்லிவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டினார். மரத்தளத்தின் விதி அதன் கீழேதான் எழுதப்படுகிறது என்பதை அன்றைய பொழுது எனக்கு நன்றாகவே காட்டியது. நாம் மிதிக்கும் பலகை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைத் தாங்கும் சலாகைகளும், சலாகைகளைத் தாங்கும் தீராந்திகளும், எல்லாவற்றையும் தாங்கும் கப்புகளும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் நீர் எவ்வளவு காலம் தங்கி நிற்கிறது என்பதைப் பொறுத்தே தளம் நிலைக்கும் அல்லது விழும்.

முல்லைத்தீவு அடங்கிய வன்னிப் பகுதியை வரண்ட வலயம் என்று புவியியல் பாடத்தில் படித்தவர்களுக்கு, இங்கே மரம் ஈரத்தால் கெடுகிறது என்பது வியப்பாக இருக்கலாம். ஆனால் எங்கள் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதன் பின்னர் தையிலும் மாசியிலும் பனி இறங்குகிறது. அந்த மாதங்களில் நிழலில் கிடக்கும் மரம் முழுமையாகக் காய்வதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. மரத்தை உக்கவைக்கும் பங்கசு (பூஞ்சை) வளர்வதற்கு, மரத்திலுள்ள ஈரம் அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 20 வீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதன் 80 வீதமாக இருக்கும்போதுகூட, மழை படாமல் கூரையின் கீழே இருக்கும் மரம் 16 வீதமளவில் நின்றுவிடும்; நூறாண்டு கடந்த வீடுகளின் கூரை வளைகள் இன்னும் உறுதியாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே ஈரக்காற்று மட்டும் மரத்தை அழிப்பதில்லை. மழைநீர் உள்ளே இறங்கி, வெளியேற வழியின்றி அடைபட்டுக் கிடக்கும் இடமே உக்குகிறது. அத்தகைய இடங்களை ஆண்டுதோறும் உண்டாக்கித் தருவது கோடைகாலம். சித்திரை வெயிலிலும் அதைத் தொடர்ந்து வீசும் சோளகத்திலும் பலகை சுருங்கி, முனைகள் வெடித்து, ஆணித்துளைகள் தளர்ந்துபோகின்றன. கோடை திறந்துவைத்த அந்த வெடிப்புகளை ஐப்பசி மழை வந்து நிரப்புகிறது.

அண்ணர் கொண்டுவந்த முறை அவர் வாழும் நாட்டுக்கு முற்றிலும் பொருத்தமானது. ரொறன்ரோப் பக்கத்தில் குளிர்காலத்தில் நிலம் உறைந்து மேலெழும் என்பதால், தளத்தின் கால்களை நான்கு அடி ஆழத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே பயன்படும் பைன் மரம் பெரும்பாலும் அழுத்தத்தின் மூலம் மருந்தேற்றப்பட்டது. பங்கசு செழிப்பதற்கு 20 முதல் 30 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலை ஏற்றது. அங்கே ஆண்டின் பல மாதங்கள் அது செயலற்றுக் கிடக்கும். எங்களுக்கோ மழை பெய்யும் மாதங்களே அந்த வெப்பநிலையில் அமைந்துவிடுகின்றன. உறையாத மண்ணில் கப்பை ஆழப் புதைப்பதால் தளம் ஆடாமல் நிற்கும் என்பது உண்மையே. ஆனால் மண்ணுக்குள் போகும் ஒவ்வோர் அடியும் கறையானுக்குத் திறந்துவிட்ட வாசலாகிறது.

கீழே புகுந்து பார்ப்பதற்கு ஒரு ரோர்ச் லைற்றும், கூரிய திருப்புளி ஒன்றும், சிறிய சுத்தியலும் போதுமானவை. திருப்புளியை மரத்தில் குத்தி நெம்பும்போது நீளமான சிம்பாகப் பெயர்ந்தால் அந்த இடம் நல்லது. சத்தமில்லாமல் குறுக்கே முறிந்து சிறு துண்டாக வந்தால், வெளியே நிறம் மாறாதிருந்தாலும், உக்கல் தொடங்கிவிட்டது என்று பொருள். சுத்தியலால் தட்டும்போது வெற்றொலி கேட்டால் உள்ளே கறையான் தின்று மண்ணால் நிரப்பியிருக்கக்கூடும். எங்கள் தளத்தில் நாங்கள் கண்ட கேடு எழுந்தமானமாகப் பரவியிருக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. சலாகைகளின் மேல்விளிம்பு, பலகை வந்து குந்தும் இடத்தில் மட்டும், ஆணி இறங்கிய வழியே கறுத்து மென்மையாகியிருந்தது. இரண்டு பலகைகளுக்கு நடுவே காற்றுப்பட்ட பகுதிகள் கல்லைப்போல இருந்தன. வீட்டுச் சுவரோடு இடைவெளியின்றி இறுக்கப்பட்டிருந்த தீராந்தி, சுவர்ப்பக்கத்தில் முழு நீளத்துக்கும் உக்கியிருந்தது. அந்தச் சுவரின் மறுபுறத்தில், குசினிக்குள், சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்ததன் காரணமும் அப்போதே விளங்கியது. பாலை மரக் கப்புகள் மண்ணுக்கு மேலேயும் நன்கு கீழேயும் உறுதியாக இருக்க, மண்மட்டத்தை ஒட்டிய ஒரு சாண் அளவில் மட்டும் அரிக்கப்பட்டிருந்தன. காற்றும் ஈரமும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அதுதான்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பெரும்பகுதி வெள்ளத்தில் கிடந்தபோது எங்கள் வளவிலும் நீர் ஏறியது. அந்த வெள்ளமே தளத்தைக் கெடுத்தது என்று வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. அது பாதி உண்மை. வெள்ளநீர் வடிந்துவிட்டது, ஆனால் அது சலாகைகளுக்கும் தீராந்திகளுக்கும் இடையிலுள்ள மூலைகளில் படியவிட்ட வண்டல் அங்கேயே இருந்து, ஒவ்வொரு மழையின் ஈரத்தையும் பிடித்துவைத்திருந்தது. வெள்ளம் கண்ட தளத்தை மேலே கழுவுவதைவிடக் கீழே சுரண்டிச் சுத்தம் செய்வது மிக முக்கியம்.

ஒன்றிரண்டு சலாகைகள் மட்டும் கெட்டிருந்தால், அவற்றின் பக்கத்தில் புதிய சலாகையைச் சேர்த்து இறுக்கிவிட்டுத் தளத்தை இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம். எங்களுடையதில் ஏறத்தாழப் பாதி சலாகைகளும் சுவரோரத் தீராந்தியும் போய்விட்டன. எனவே கீழ்க்கட்டுமானத்தை முழுவதும் அகற்றுவது என்றும், முதிரை மரத்தாலான மேற்பலகைகளை மட்டும் காப்பாற்றுவது என்றும் முடிவெடுத்தோம். அண்ணர் சொன்னதற்கு நேர்மாறான முடிவு இது. சுவரோர முனைகளைத் தவிர, மேற்பலகைகளே மிக நல்ல நிலையில் இருந்தன. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய பலகையைப் பழைய சலாகைகளின்மேல் அறைந்திருந்தால், அடுத்த சில மாரிகளில் எல்லாவற்றையும் மறுபடியும் பிரிக்க நேர்ந்திருக்கும்.

மரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வன்னிக் காடுகளின் முதிரையும் பாலையும் உலகத்தில் எந்த மரத்துக்கும் தாழ்ந்தவை அல்ல. பாலை நீரில் மிதக்காத அளவுக்கு அடர்த்தியானது, முதிரை கறையானுக்கு எளிதில் இடம்கொடாதது. ஆனால் இந்தப் புகழ் எல்லாம் மரத்தின் நடுவிலுள்ள கடினமான பகுதியான வைரத்துக்கே உரியது. எந்த மரமானாலும் அதன் வெளிப்புறத்து வெளிறு, பங்கசுக்கும் பூச்சிக்கும் ஒரே விதமான உணவுதான். எங்கள் சலாகைகள் தேக்கு. தேக்கு என்றதும் மனம் நிறைந்துவிடுகிறது, ஆனால் இளம் தேக்கில் பாதிக்கு மேல் வெளிறாக இருப்பதுண்டு. உக்கிய சலாகைகளைக் குறுக்கே அறுத்துப் பார்த்தபோது, பழுப்பு நிற வைரம் அப்படியே இருக்க, அதைச் சுற்றியிருந்த வெளிர்நிறப் பகுதி மட்டும் பொடியாகியிருந்தது. மரத்தின் பெயரை விசாரிப்பதைவிட, வெட்டு முகத்தைத் திருப்பிப் பார்த்து நிறம் மாறும் கோட்டைத் தேடுவது பயனுள்ளது.

பனை பற்றிப் பலர் கேட்கிறார்கள். முற்றிய பனையின் வெளிப்புறக் கறுப்பு வைரம் கூரைச் சலாகைக்கு நிகரற்றது. ஆனால் அதன் உட்புறத்து மென்மையான சோற்றி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கு மேலே பனங்குற்றிகளை அடுக்கி மண் போட்டவர்களுக்கு, மழைக்குப் பிறகு எந்தப் பக்கம் முதலில் போகும் என்பது தெரிந்திருக்கும். திறந்த வெளியில் மிதிபலகையாகப் பனையை நான் பரிந்துரைக்க மாட்டேன். சோற்றி கெடுவதோடு, வெயிலில் காய்ந்த பனையில் வெறுங்காலோடு நடந்தால் சிராம்பு ஏறும். சோற்றியை முழுவதும் செதுக்கி நீக்கி, மேல்விளிம்பை மூடிச் சலாகையாகப் பயன்படுத்துவது வேறு விடயம். இன்னொன்றையும் மறக்கக்கூடாது: பனை, பலா, ஈரப்பலா ஆகியவற்றைத் தறிப்பதற்குச் சொந்த வளவாக இருந்தாலும் அனுமதி வேண்டும்.

புதிய தீராந்திகளுக்கான முதிரையை, மரம் அறுத்து விற்கும் இடமான மரக்காலையில் அனுமதிப்பத்திரத்தோடு வாங்கினோம். இரவில் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கும் மரம் மலிவாகக் கிடைக்கும் என்று காதில் ஓதுவதற்கு ஆட்கள் எப்போதும் இருக்கிறார்கள். 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியின்றி மரம் ஏற்றுவது அதன்படி குற்றம். சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், அப்படி வரும் மரம் பச்சையாகவே அறுக்கப்பட்டதாக இருக்கும். கோடையில் அது முறுகி நெளிவதைப் பார்த்தபின்னர் மலிவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். சலாகைகளுக்கு, இடிந்த பழைய வீடுகளின் கூரையிலிருந்து கழற்றப்பட்ட முதிரை கிடைத்தது. பல பத்தாண்டுகள் காய்ந்து, சுருங்க வேண்டிய அளவெல்லாம் சுருங்கி முடிந்த மரம் அது. அறுப்பதற்குக் கொண்டுபோனபோது மரக்காலையில் ஒவ்வொரு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்த பின்னரே ஏற்றுக்கொண்டார்கள். போர்க்காலச் செல் (எறிகணை) துண்டு புதைந்த மரம் அறுவை வாளின் பல்லை ஒரே இழுவையில் உடைத்துவிடும். எங்கள் பகுதியில் மரம் அறுப்பவர்கள் அனைவருக்கும் இந்த அனுபவம் உண்டு.

இரும்புப் பெட்டிச் சட்டங்களை உருக்கி ஒட்டிக் கீழ்க்கட்டுமானம் செய்யலாம் என்ற யோசனையும் வந்தது. அது தவறான வழி என்று சொல்லமுடியாது. கறையான் பயம் போய்விடும். ஆனால் ஒட்டிய இடங்களில் நாகப்பூச்சு (துத்தநாகப் பூச்சு) எரிந்துபோவதாலும், சட்டத்தின் உட்புறத்தில் ஈரம் படிவதாலும் துரு உள்ளிருந்து வருகிறது. அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மரம் கெடும்போது முன்கூட்டியே அறிகுறி காட்டுகிறது என்பதே எனக்கு மரத்தின் மேல் உள்ள நம்பிக்கை. பிளாஸ்ரிக் கலந்த பலகையைப் பற்றி ஒரு வார்த்தை: உக்காது, ஆனால் சித்திரை மதியத்தில் வெறுங்காலை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கப்புகளுக்குப் பதிலாகக் கொங்கிறீற் தூண்களை மண்ணுக்கு மேலே ஓர் அடி உயரும்படி வார்த்து, அவற்றின் தலையில் நாகத் தகட்டை விளிம்பு வெளியே நீட்டிக் கீழ்நோக்கி மடியும்படி வைத்து, அதன்மேல் தீராந்திகளை இருத்தினோம். தகடு கறையானை முற்றாகத் தடுக்கும் என்று யாரும் நினைக்கக்கூடாது. அது செய்யும் வேலை, கறையான் தன் மண்குழாயை வெளிப்புறமாகக் கட்டிக்கொண்டு வரும்படி செய்வதே; குழாய் கண்ணுக்குத் தெரிந்தால் தட்டிவிடலாம். வளவின் மூலையிலுள்ள புற்றுக்கு அம்மா வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைக்கிறார், ஆகவே அதை அகற்றும் பேச்சுக்கே இடமில்லை. கறையானோடு அயலவராக வாழும் ஏற்பாடுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

சலாகை ஒவ்வொன்றின் மேல்விளிம்பிலும் தார் பூசிய தாளை, இருபுறமும் சற்றுத் தொங்கும்படி, நீளமாக ஒட்டினோம். இந்த மலிவான வேலையை இங்கே எவரும் செய்வதில்லை. ஆனால் பழைய சலாகைகள் கெட்டது சரியாக அந்த விளிம்பில்தான். பலகைகளின் சுவரோர முனைகள் உக்கியிருந்ததால் அவற்றை நல்ல மரம் வரும்வரை அறுத்துத் தள்ள நேர்ந்தது. தளம் ஏறத்தாழ ஓர் அடி குறுகியது. அதன் விளைவாக அது சுவரைத் தொடாமல் தன் கால்களில் தனியே நிற்கிறது. சுவரும் காய்கிறது, மரமும் காய்கிறது. வெட்டிய முனைகளில் உருக்கிய மெழுகைப் பூசினோம். மரம் தன் பக்கவாட்டை விட முனைவழியே பல மடங்கு வேகமாக நீரை இழுக்கும்.

இடைவெளி பற்றியே தச்சருக்கும் எனக்கும் நீண்ட பேச்சு நடந்தது. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை, அகலவாக்கில் மாறும். அகலப் பலகை ஒன்று கோடைக்கும் மாரிக்கும் இடையில் சில மில்லிமீற்றர் விரிந்து சுருங்கும். ஆகவே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதற்கு ஒரே விடை இருக்க முடியாது. எந்த மாதத்தில் அறைகிறோம் என்பதைப் பொறுத்தது அது. மாரியில் ஊறிய பலகையை நெருக்கி வைத்தாலும் கோடையில் தானாகவே இடைவெளி திறக்கும். நாங்கள் ஆவணியில், பலகை மிகவும் காய்ந்திருந்த வேளையில் வேலை செய்தபடியால், பென்சில் தடிப்புக்கு இடைவெளி விட்டோம். கோடையில் நெருக்கி அடித்த பலகைகள் ஐப்பசியில் ஒன்றையொன்று தள்ளி, ஆணியைப் பிடுங்கிக்கொண்டு மேலெழுவதை இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூட மேடைகளில் பார்த்திருக்கிறேன். பழைய பலகைகளைக் கீழ்ப்பக்கம் மேலே வரும்படி புரட்டிப் போட்டோம். வெயில் படாத அந்தப் பக்கத்தில் முதிரையின் மஞ்சள் மினுக்கம் அப்படியே இருந்தது.

ஆணிக்குப் பதிலாகத் துருவேறாத உருக்குத் திருகாணிகளைப் பயன்படுத்தினோம். பலகைத் தடிப்பைப்போல இரண்டரை மடங்கு நீளம் போதுமானது. முதிரையில் முதலில் துளையிடாமல் திருகினால் திருகாணி முறியும் அல்லது பலகை பிளக்கும். கடற்கரையை அண்டியவர்கள் துருவேறாத உருக்கில் 304 தரத்தை விட்டு, உப்புக்காற்றைக் கூடுதலாகத் தாங்கும் 316 தரத்தை வாங்க வேண்டும்.

பூச்சு விடயத்தில் எங்கள் ஊரின் வழக்கம் கழிவு ஒயில். உழவு இயந்திரத்தில் மாற்றிய கறுப்பு ஒயிலைத் தூரிகையால் பூசிவிட்டால் மரம் நூறாண்டு நிற்கும் என்று சொல்வார்கள். அதில் பார உலோகங்களும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்களும் இருக்கின்றன; மழை அதைக் கழுவி நேரே கிணற்றடி மண்ணுக்குள் இறக்கும், பிள்ளைகளின் காலிலும் ஒட்டும். வேலிக் கதியாலுக்குக்கூட நான் அதைப் பூசமாட்டேன். போரக்ஸ் கரைசல் நல்ல மருந்து, ஆனால் மழை படும் இடத்தில் கரைந்து வெளியேறிவிடும். கூரைமரங்களுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். வார்னிஷ் வெயிலில் வெடித்து, வெடிப்பின் வழியே நீரை உள்ளே விட்டு, பின்னர் வெளியேற விடாமல் மூடிக்கொள்ளும். மரத்துக்குள் ஊறும், நிறமி கலந்த வெளிப்புற எண்ணெயைப் புரட்டாதியில், மரம் நன்றாகக் காய்ந்திருக்கும் வேளையில் ஒருமுறை பூசுவதே போதும். சில ஆண்டுகளில் பலகை சாம்பல் நிறமாகும். அண்ணருக்கு அது பிடிக்காது; ஆனால் அந்த நிறம் வெயில் மேற்பரப்பை வெளுத்ததன் அடையாளமே தவிர உக்கல் அல்ல. மாரியில் பாசி பிடித்தால் தும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுத்த நீர் பீச்சும் இயந்திரம் மரத்தின் மென்மையான நார்களைக் கிழித்துவிடும்.

தளத்தின் கீழே நிலத்தை வீட்டிலிருந்து விலகிச் சரியும்படி செப்பனிட்டுச் சல்லிக்கல் பரப்பியுள்ளோம். புடையன் பாம்புக்குப் பயந்து சுற்றிவரத் தகரம் அடித்துவிடச் சொல்லி அயலில் அறிவுரை கிடைத்தது. தகரம் பாம்பைத் தடுக்காது, காற்றை மட்டும் தடுக்கும். அகலமாக இடைவெளி விட்ட சட்டங்களை மூன்று பக்கமும் அடித்து, நான்காவது பக்கத்தைக் கழற்றக்கூடியதாக வைத்திருக்கிறோம். மாரி முடிந்ததும் ஒருவர் உள்ளே புகுந்து தூண்களின் தகடுகளையும் மூலைகளையும் பார்ப்பதற்கு அது வேண்டும். படிகளை மட்டும் மரத்தில் செய்யவில்லை. படியின் அடி மண்ணைத் தொடாமல் இருக்க வழியில்லை என்பதால், அவற்றைச் சீமெந்துக் கல்லில் தளத்தைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு மச்சானே கட்டித் தந்தார்.